30,000 நியமனங்கள் வந்தாலும் வரிசை குறையாதது ஏன்? திருகோணமலையில் வேலையின்மை இயங்கும் விதம்

2025 பெப்ரவரி 17 அன்று சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அரச சேவைக்கு 30,000 பேரைச் சேர்க்க 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருகோணமலையில் உடனே எழுந்த கேள்வி, "எங்கட மாவட்டத்துக்கு எத்தனை?" என்பதுதான்.

இந்தக் கேள்வியோடு மூன்று செய்திகள் சேர்ந்து வாசகரைக் குழப்புகின்றன. நாட்டின் வேலையின்மை வீதம் 5க்கும் குறைவு என்கிறது புள்ளிவிபரத் திணைக்களம். வேலையற்ற பட்டதாரிகளோ கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலிலும் ஆளுநர் அலுவலகத்தின் முன்னாலும் பதாகையோடு நிற்கிறார்கள். மறுபக்கம் உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரரும் கட்டட ஒப்பந்தகாரரும் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். இவற்றில் ஏதோ ஒன்று பொய்யாக இருக்கவேண்டும் என்றுதான் தோன்றும். மூன்றும் உண்மை. ஒரே நேரத்தில் மூன்றும் எப்படி உண்மையாகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

"வேலையற்றவர்" என்று யாரைக் கணக்கிடுகிறார்கள்?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் ஊழியப்படை ஆய்வை நடத்துகிறது. மாதிரியாகத் தெரிவாகும் வீடுகளில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் கேள்வி கேட்கப்படும். பதில்களைக் கொண்டு ஒவ்வொருவரும் மூன்று கூட்டங்களில் ஒன்றில் சேர்க்கப்படுவார்.

1. தொழில் செய்பவர். குறிப்பிட்ட வாரத்தில் கூலிக்கோ, சுயதொழிலிலோ, சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலிலோ ஒரு மணித்தியாலமாவது உழைத்திருந்தால் போதும், இதில் சேர்ந்துவிடுவார்.

2. வேலையற்றவர். அந்த வாரத்தில் வேலை செய்யவில்லை, முந்தைய நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்கிறார், கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் ஏற்கத் தயார். பொதுவாக இவை எல்லாம் பொருந்தினால்தான் இந்தப் பெயர்.

3. ஊழியப்படைக்கு வெளியே இருப்பவர். மாணவர், வீட்டுப் பொறுப்பில் இருப்பவர், முதியவர், இனித் தேடிப் பயனில்லை என்று தேடுவதை நிறுத்தியவர்.

வேலையின்மை வீதம் என்பது முதல் இரண்டு கூட்டத்தையும் கூட்டி, அதில் இரண்டாவது கூட்டம் எத்தனை வீதம் என்று சொல்லும் எண். மூன்றாவது கூட்டம் அதில் சேர்வதே இல்லை. ஒரு மணித்தியாலம் என்ற அளவுகோல் சர்வதேச தொழில் அமைப்பின் வரைவிலக்கணத்திலிருந்து வருவது. இலங்கை அரசு கணக்கை அழகாக்குவதற்குக் கண்டுபிடித்த தந்திரம் என்று சிலர் எழுதுவது சரியல்ல. ஆனால் அந்த அளவுகோலுக்குள் நம் மாவட்டம் விழும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி கிடைக்கும் ஒருவர், இடைப்பட்ட மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் வேலி அடைக்கப் போனாலும் தொழில் செய்பவர். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் மூதூரில் வலை பொத்திக்கொண்டிருக்கும் மீனவரும் தொழில் செய்பவரே. இவர்களுடைய பிரச்சினைக்குக் கீழுழைப்பு என்று பெயர்: வேலை இருக்கிறது, போதுமான வேலை இல்லை. கிண்ணியாவில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண், ஊருக்குள் வேலை இருந்தால் போகத் தயாராக இருந்தாலும், தேடவில்லை என்பதால் மூன்றாவது கூட்டத்துக்குப் போய்விடுகிறார்.

இந்த மூன்றாவது கூட்டத்தின் அளவு சிறியதல்ல. 2023 இல் நாடு முழுவதும் பெண்களில் சுமார் 31 வீதத்தினரே ஊழியப்படையில் இருந்தார்கள். ஆண்களில் இது ஏறத்தாழ 69 வீதம். 1990 இல் 16 வீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை வீதம் இன்று 5க்குக் கீழே வந்திருக்கிறது. இந்த இறக்கத்தில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. ஆட்கள் வெளிநாடு போனதும், தேடுவதை விட்டதும், கிடைத்த கூலியைப் பிடித்துக்கொண்டதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே அந்த வீதத்தை மட்டும் வைத்து அரசைப் பாராட்டுவதும் வீண், திட்டுவதும் வீண்.

படித்தவருக்கே வேலையின்மை அதிகம்

வீதத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். 15 முதல் 24 வயதினரிடையே வேலையின்மை 20 வீதத்துக்கு மேல். கல்வித்தரப்படி பார்த்தால், உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே அது தேசிய சராசரியைவிட வெகுவாக உயர்ந்து நிற்கிறது. அதிலும் பெண்களிடம் இன்னும் கூடுதல். சாதாரண தரம்கூட எட்டாதவர்களிடம்தான் மிகக் குறைவு.

படிக்காதவருக்கு வேலை எளிதில் கிடைக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அவரால் வேலையில்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். அன்றைய கூலி வராவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. வேலைக்காகக் காத்திருப்பதற்கே ஒரு குடும்பத்திடம் கொஞ்சம் வசதி வேண்டும்; வெளிநாட்டில் ஒரு அண்ணனோ, அப்பாவின் பென்சனோ இருக்கவேண்டும்.

இது புதிய கதையுமல்ல. 1971 கிளர்ச்சி வெடித்த அதே ஆண்டில், டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழு ஒன்று இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. கல்வி இளைஞர்களிடம் வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும், பொருளாதாரம் தரக்கூடிய வேலைக்கும் இடையே பொருத்தமில்லை என்பது அந்தக் குழு சொன்ன முக்கியமான செய்தி. அரை நூற்றாண்டாக ஒவ்வொரு அரசும் இதை ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொண்டுவிட்டு, அந்தப் பொருத்தமின்மையை ஆழமாக்கும் காரியத்தையே செய்கிறது. அது எப்படி என்பதுதான் அடுத்தது.

வரிசை எப்படி உருவாகிறது?

ஒரு பட்டதாரி தனியார் வேலைக்குப் போகாமல் அரச நியமனத்துக்குக் காத்திருந்தால் "சோம்பேறி" என்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் செய்வது தர்க்கப்படி சரியாகவே வருகிறது.

அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய்க்கு உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டம் முடிவு செய்தது. 2025 ஏப்ரலில் தொடங்கி 2027 வரை கட்டங்கட்டமாக. தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய்; 2026 ஜனவரியிலிருந்து 30,000. பட்டதாரியின் சம்பளம் இரண்டு பக்கமும் இதைவிடக் கூடுதலாக இருக்கும். விளங்கிக்கொள்வதற்காக அடிமட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. இடைவெளி மாதம் 10,000 ரூபாய். 30 ஆண்டு சேவைக்கு 36 இலட்சம்.

2. நான்கு ஆண்டுகள் வேலையில்லாமல் காத்திருந்தால் இழப்பது மாதம் 30,000 வீதம் 48 மாதங்கள்: 14 இலட்சத்து 40 ஆயிரம்.

3. நியமனம் நிச்சயமில்லை, இரண்டுக்கு ஒன்று என்ற வாய்ப்பே இருக்கிறது என்று வைத்தாலும், 36 இலட்சத்தில் பாதி 18 இலட்சம். அதுவும் 14.4 இலட்சத்தைவிடக் கூட.

ஓய்வூதியத்தையும், தனியார் துறையில் ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டும் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எவ்.) பணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை நிரந்தரம், பிற்பகலோடு வீடு, வட்டி குறைந்த கடன், கலியாணச் சந்தையில் "அரச உத்தியோகம்" என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு ஆகியவற்றையும் சேர்க்கவில்லை. (கடைசியாகச் சொன்னதைப் பொருளியல் நூல்கள் எழுதுவதில்லை. தரகரிடம் கேட்டால் தெரியும்.)

ஹாரிஸ், டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள் 1970 இல் இதே தர்க்கத்தை, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடிப் போவோரை வைத்து விளக்கினார்கள். நல்ல சம்பளமுள்ள வேலைகளை அரசு கொஞ்சம் கூட்டினால், அந்த வேலையை நம்பி வந்து காத்திருப்போர் அதைவிட அதிகமாகக் கூடலாம். வேலை கூடியும் வேலையின்மை கூடலாம் என்பது அவர்கள் காட்டிய முரண். அரச நியமன வரிசைக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒரு தொகுதி நியமனம் கிடைத்தவுடன், இன்னும் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்குப் போகும் செய்தி ஒன்றுதான்: காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது.

அந்தச் செய்தி எத்தனை தடவை போயிருக்கிறது என்று பாருங்கள். 2005 அளவில் ஒரு பெரிய ஆட்சேர்ப்பு. 2012 இல் பல்லாயிரம் பட்டதாரிப் பயிலுநர். 2017 இல் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அடுத்த ஆண்டே நாடு தழுவிய இன்னொரு சுற்று. 2020 இல் 20,000 ரூபாய் மாதப் படியுடன் ஏறத்தாழ 60,000 பட்டதாரிகளுக்குப் பயிற்சி நியமனம். அதே காலத்தில் குறைந்த கல்வித்தகைமை உடைய ஓர் இலட்சம் பேருக்கெனப் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி. அநேகமாக ஒவ்வொன்றும் தேர்தலுக்கு முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பதைத் தனியாகச் சுட்டத் தேவையில்லை.

2020 சுற்றில் நடந்த ஒரு விஷயம் எனக்கு இந்தக் கொள்கை முழுவதையும் விளக்கிவிடுகிறது. ஈ.பி.எவ். பதிவு இருந்த பட்டதாரிகள், "ஏற்கனவே வேலையில் உள்ளவர்கள்" என்று முதலில் ஒதுக்கப்பட்டார்கள். பட்டம் முடித்த கையோடு ஒரு கடையிலோ கம்பனியிலோ சில மாதம் வேலை செய்தவருக்குத் தண்டனை. வீட்டில் இருந்தவருக்கு நியமனம். மேன்முறையீடுகளை ஏற்று அது பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் பாடம் படித்தாயிற்று. தனியார் துறையில் ஈ.பி.எவ். இல்லாமல் வேலை தாருங்கள் என்று படித்த பிள்ளைகளே கேட்கும் நிலை உருவானதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பிரதேச செயலகங்களுக்கும் திணைக்களங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஒரே மேசைக்கு மூவர் என்று அலுவலகங்கள் திணறும்போது, வெருகலிலும் கோமரங்கடவலவிலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை என்ற முறைப்பாடும் ஓயவில்லை. எந்த இடத்தில் என்ன தேவை என்று தொடங்கி ஆளைத் தேடாமல், ஆளிலிருந்து தொடங்கி இடத்தைத் தேடியதன் விளைவு இது.

யாருடைய பணம், யாருடைய அதிகாரம்?

30,000 பேருக்கு மாதம் 40,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு வேண்டியது 1,440 கோடி. ஒதுக்கப்பட்டது 1,000 கோடி. ஆக ஒதுக்கீட்டிலிருந்தே தெரிகிறது: ஆண்டின் முதல் நாளிலேயே எல்லோரையும் எடுக்கும் திட்டம் அது அல்ல. அதைவிட முக்கியம், இந்தச் செலவு ஓராண்டோடு முடிவதில்லை. இன்று 28 வயதில் சேரும் ஒருவருக்கு 60 வயது வரை சம்பளம், அதன்பின் பென்சன்.

அந்தச் சுமையைத் தாங்கும் வரி வருமானம் 2022 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான சர்வதேச நாணய நிதியத் திட்டம் வந்தது. 2024 ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் கட்டிப்போட்டது. இனி எந்தக் கட்சி ஆண்டாலும் 60,000, ஒரு இலட்சம் என்று வாரி இறைப்பது சட்டப்படியே கடினம்.

ஓய்வுபெறும் வயதும் இதில் சேர்கிறது. அரச ஊழியர் 65 வயது வரை சேவையில் இருக்கலாம் என்று செய்த மாற்றம் கைவிடப்பட்டு, 60 ஆகக் குறைக்கப்பட்டதால் 2022 டிசம்பர் 31 அன்று ஒரே நாளில் ஏராளமானோர் வெளியேறினார்கள். புதிய ஆட்சேர்ப்பும் முடங்கியிருந்தது. ஆகவே 30,000 இல் கணிசமானவை, காலியான கதிரைகளை நிரப்புவதுதான். நிர்வாகத்துக்கு அது அவசியம். அதைப் புதிய வேலைவாய்ப்பு என்று கூட்டிச் சொல்வதில்தான் குழப்பம் வருகிறது.

"எங்கட மாவட்டத்துக்கு எத்தனை?" என்பதற்கு இங்கிருந்துதான் விடை வரும். சனத்தொகையை வைத்து மாவட்டத்துக்கு இத்தனை என்று பங்கு பிரிக்கும் முறை இதற்கு இல்லை. எந்தச் சேவையில், எந்த அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட ஆளணிக்கு எதிராக எத்தனை வெற்றிடம் உண்டு என்பதே அளவு. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பதால் மாகாணத்தால் நினைத்தபடி நியமனம் தர முடியும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மாகாணத்தின் ஆளணிக்கு அனுமதி கொழும்பிலுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திலிருந்து வரவேண்டும். சம்பளப் பணத்தின் பெரும்பகுதியும் மத்தியிலிருந்தே வருகிறது. 2017 இல் கலைந்த மாகாண சபைக்கு அதன்பின் தேர்தலே நடக்காமல் ஆளுநரின் நிர்வாகம் தொடர்ந்ததால், பொறுப்புக் கேட்க ஒரு மாகாண உறுப்பினர்கூட இல்லாமல் போனது வேறு கதை.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். போரால் பின்தங்கிய ஒரு மாவட்டத்தில் அரச சம்பளம்தான் மாதாமாதம் தவறாமல் சந்தைக்குள் வரும் காசு. 25ஆம் திகதி தாண்டியதும் பட்டினத்துக் கடைகளில் கூடும் சனத்தைப் பார்த்தால் அது புரியும். அரச ஆட்குறைப்பு கொழும்பைவிட இங்கேதான் ஆழமாக வெட்டும். அரச சேவையைச் சுருக்கினால் தனியார் துறை தானாக வளர்ந்துவிடும் என்ற பேச்சுக்குத் திருகோணமலையில் ஆதாரம் குறைவு.

பெரிய திட்டங்கள் எத்தனை வேலை தரும்?

அடுத்த நம்பிக்கை முதலீடு. திருகோணமலை என்றாலே துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், சம்பூர் என்று பேச்சு தொடங்கும். ஒவ்வொன்றும் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்கு வேலை தரும் என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

1. சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் பயன்படுத்தியவற்றில் 99 குதங்கள் எஞ்சியுள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐ.ஓ.சி. 49 வீதமும் வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்திடமும். 2025 ஏப்ரல் 5 அன்று இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. திருத்தி அமைக்கும் காலத்தில் வெல்டர், பிட்டர், பெயின்டர் என்று வேலை இருக்கும். எண்ணெயைச் சேமித்து வைக்க அதிகம் பேர் தேவைப்படாது. வேலை இருப்பது அதைச் சுற்றி: கப்பலுக்கு எரிபொருள் நிரப்புதல், கப்பல் பழுதுபார்த்தல், போக்குவரத்து, உணவு வழங்கல். இவை வருமா என்பதைப் புரிந்துணர்வு உடன்படிக்கை தீர்மானிக்காது. துறைமுகத்துக்கு எத்தனை கப்பல் வருகிறது என்பதே தீர்மானிக்கும்.

2. சம்பூர். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த மக்களின் நிலம் பின்னர் கைத்தொழில் வலயத்துக்கென எடுக்கப்பட்டு, 818 ஏக்கருக்கான வர்த்தமானி 2015 இல் இரத்தான பிறகே பலர் ஊர் திரும்பினார்கள். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டம். நாட்டின் மின்சாரத்துக்கு அது நல்லது. ஆனால் சூரியத் தகடுகள் பொருத்தும்போதுதான் ஆட்கள் வேண்டும். பொருத்தியபின் துடைப்பதற்கும் காவலுக்கும் சில தொழில்நுட்ப வேலைக்கும் சொற்பம் பேர் போதும். அதனால் அத்தகைய திட்டங்களில் கூட்டிக் கழிக்கும் கணக்கு வேண்டும். மேய்ச்சல் தரையும் பயிர்நிலமும் சூரியத் தகடுகளுக்குப் போனால், அங்கே ஏற்கனவே இருந்த வாழ்வாதாரத்தைக் கழித்துவிட்டுத்தான் புதிய வேலைகளை எண்ணவேண்டும். எந்தத் திறப்பு விழாவிலும் இந்தக் கழித்தலை யாரும் வாசிப்பதில்லை.

3. புல்மோட்டை. 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது முதல் இல்மனைட்டும் ரூட்டைலும் பிரித்தெடுக்கப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. அதிலிருந்து வெள்ளை நிறமியான டைட்டேனியம் டையொக்சைட் செய்தால் விலை பலமடங்கு. "ஏன் இங்கேயே செய்யக்கூடாது?" என்ற கேள்வி பல தசாப்தமாக உண்டு. அந்தத் தொழிலுக்கு அமிலமோ குளோரினோ பெருமளவில் வேண்டும், மலிவான மின்சாரம் வேண்டும், கழிவைக் கடலுக்கு விடாமல் கையாளவும் வேண்டும். செய்யவே முடியாதது இல்லை. மேடையில் சொல்வதுபோல எளிதும் இல்லை.

4. கந்தளாய் சீனித் தொழிற்சாலை. 1960களில் தொடங்கி 1990களில் மூடப்பட்டது. மேலே சொன்ன எதையும்விட வேலைவாய்ப்புப் பாடம் இதில் அதிகம். ஆலைக்குள் வேலை செய்தோர் ஒரு பங்கு. கரும்பு பயிரிட்டோர், வெட்டியோர், ஏற்றியோர் அதைவிடப் பெரிய பங்கு. ஒரு தொழிற்சாலை தனக்கு வேண்டிய பொருளைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வாங்கும்போதுதான் வேலை பெருகும். இதைப் பின்னோக்கிய இணைப்பு என்பார்கள். சீனக்குடாவிலுள்ள பிறிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் பல தசாப்தமாக இயங்கும் பெரிய தொழில்கள்தான். ஆனால் கோதுமையும், சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரும் கப்பலில் வருவதால் மாவட்டத்தின் வயலோடு அவற்றுக்கு உறவில்லை.

நெல், மீன், பால், உப்பு என்று இந்த மாவட்டம் தானே விளைவிக்கும் பொருட்களில் பின்னோக்கிய இணைப்பு இயல்பாகவே இருக்கிறது. இருந்தும் கந்தளாய், சேருவில வயல்களின் நெல் கணிசமாக வெளிமாவட்ட ஆலைகளுக்கு லொறி ஏறுகிறது. மீன் ஐஸ் போட்டுத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. பதப்படுத்தல் என்ற நடுப்பகுதி இங்கே இல்லை. அந்த நடுப்பகுதிக்குத் தேவைப்படுவது மாபெரும் முதலீட்டாளரைவிட, தொடர்ச்சியான மின்சாரம், குளிரூட்டல் வசதி, உணவுத் தரச் சான்றிதழ், சொந்த உறுதி உள்ள காணி ஆகியவை. கடைசியானதுதான் பெரிய முடிச்சு: அனுமதிப்பத்திரக் காணியையும், வனம், தொல்லியல் என்று தடை விழுந்த காணியையும் பிணை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது.

பருவம் பார்த்து வரும் வேலை

திருகோணமலையின் சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் நிலாவெளிக் கடற்கரை வெறிச்சோடும், புறாத்தீவுப் படகுகள் கரையேறும். விடுதிக்காரருக்கு ஆள் வேண்டியது அரையாண்டுக்கு. ஆறு மாத வேலையை யார் தொழிலாக நினைப்பார்கள்? ஆகவே தெற்கிலிருந்து பயிற்சி பெற்றவர்கள் பருவத்துக்கு வந்து போகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அறை துடைக்கும், பாத்திரம் கழுவும் வேலைகளில் நின்றுவிடுகிறார்கள். "ஆள் கிடைக்கவில்லை" என்ற விடுதிக்காரரின் முறைப்பாட்டுக்குள், "இந்தச் சம்பளத்துக்கு, இத்தனை மாதத்துக்கு" என்ற சொல்லப்படாத பகுதி ஒன்று இருக்கிறது.

கொள்கை தலையிடக்கூடிய இடம் இதுதான். கடல் பருவம் முடிந்தபின்னும் கந்தளாய்க் குளம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேஸ்வரம், சேருவில விகாரை என்று பயணிகளை நிறுத்திவைக்கக் காரணங்கள் உண்டு. பருவத்தை இரண்டு மாதம் நீட்டினாலே, புதிதாக ஒரு விடுதியும் கட்டாமல், இருக்கும் வேலைகள் முழுமைக்கு நெருங்கும். மொழியும் ஒரு தடை. வரவேற்பு மேசையில் நிற்க ஆங்கிலம் வேண்டும். உள்நாட்டுப் பயணிகளுக்குச் சிங்களம் வேண்டும். நிலாவெளி வீதியிலேயே, கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் தொடர்பாடலும் வணிகமும் கற்பிக்கிறது. வளாகத்துக்கும் விடுதிகளுக்கும் இடையே தூரம் சில கிலோமீற்றர். பயிற்சி வேலையாக அந்தத் தூரத்தைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று இரு தரப்பும் தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

சான்றிதழும் வெளிநாடும்

தொழிற்பயிற்சிக்கு இலங்கையில் நிறுவனக் குறைவில்லை. இவற்றுக்குப் பொதுவான அளவுகோல் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. மொத்தம் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பலருக்குத் தெரியாத பயனுள்ள விஷயம், பயிற்சி நிலையத்தின் படியே மிதிக்காமல் 15 ஆண்டு மேசன் வேலையோ மோட்டார் வேலையோ செய்தவரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தன் வேலையைச் செய்துகாட்டி மட்டம் 3 அல்லது 4 சான்றிதழ் பெறலாம் என்பது. வெளிநாட்டில் சாதாரண கூலியாளாகப் போவதற்கும் தகைமையுள்ள தொழிலாளியாகப் போவதற்கும் உள்ள சம்பள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வெளிநாட்டு வேலையையே நாட்டின் மிகப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் என்று சொல்லலாம்: 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்து புறப்பட்டார்கள். ஓர் ஆண்டில் அத்தனை நியமனத்தை எந்த அரசாங்கமும் தந்ததில்லை. கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலிருந்து வளைகுடா போவது இரண்டு தலைமுறைப் பழக்கம். கட்டட வேலைக்கு ஆளில்லை என்று ஒப்பந்தகாரர் சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நல்ல மேசனும் வெல்டரும் கட்டாரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே வீடு எழும்ப, அதைக் கட்ட வேறு மாவட்டத்து மேசன் வரவேண்டியிருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் கொள்கை தனக்குத்தானே முட்டிக்கொள்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தக் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் கொண்டுவரப்பட்டது. டொலர் தட்டுப்பாடு வந்த 2022 இல் விதிகள் தளர்ந்தன. தாய் ஊரில் இருக்கவேண்டும் என்று விதி செய்தவர்கள், ஊரில் அவருக்கு என்ன வேலை என்பதற்கு வழி செய்யவில்லை. கிடைத்ததெல்லாம் சுயதொழில் கடன். ஒரே ஒழுங்கையில் நான்காவது பலசரக்குக் கடையும் மூன்றாவது தையல் மெஷினும் வந்தால் வாடிக்கையாளர் கூடுவதில்லை, பங்குதான் பிரிகிறது. வாரத் தவணை மட்டும் பிரிவதில்லை. மூன்றாவது கூட்டத்திலிருக்கும் பெண்களை ஊழியப்படைக்குள் கொண்டுவர மலிவான வழிகள் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும், மாலை ஆறு மணிக்குப் பிறகும் மூதூர், குச்சவெளிப் பக்கம் ஓடும் பஸ்ஸும்தான். இரண்டும் வேலைவாய்ப்புத் தலைப்பின் கீழ் வரவு செலவுத் திட்டத்தில் வருவதில்லை.

அடுத்த அறிவிப்பு வரும்போது

எண்ணைக் கேட்டவுடன் மகிழ்வதற்கோ கோபப்படுவதற்கோ முன்னால் இவற்றைப் பார்க்கலாம்.

1. சொல்லப்படும் எண்ணிக்கை, காலியான இடத்தை நிரப்புவதா, புதிதாகச் சேர்வதா?

2. கட்டுமான காலத்து வேலை எத்தனை, அதன்பின் நிலைப்பது எத்தனை?

3. அந்த நிலத்திலோ கடலிலோ ஏற்கனவே பிழைத்தவர்களைக் கழித்தாயிற்றா?

4. இடையில் தனியார் வேலை செய்தவர் விண்ணப்பிக்க முடியுமா?

நான்காவதைச் சிறு விஷயமாக நினைக்கக்கூடாது. தனியார் துறை அனுபவத்தைத் தகுதியிழப்பாகப் பார்க்காமல் புள்ளியாகக் கணித்து, வெற்றிடம் உள்ள பாடத்துக்கும் பதவிக்கும் மட்டும் போட்டிப் பரீட்சை வைத்து, பரீட்சைத் திகதியை ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே அறிவித்தால் அரசுக்கு மேலதிகமாக ஒரு ரூபாயும் செலவாகாது. திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு படிக்கும் ஒருவர், பட்டம் கிடைத்த அடுத்த வாரமே உப்புவெளியில் ஒரு வேலைக்குப் போய், ஈ.பி.எவ். இலக்கத்தோடு அந்தப் பரீட்சைக்கும் படிக்கலாம்.